மரத்தில் கட்டிய சிவப்புத் துணி

லான்மடாவ், ரங்கூன்
20 நவம்பர் 1924

அன்புள்ள உதுமான் காக்காவுக்குத் தங்கை மைமூனின் சலாம்.

உடைந்த கால் கூடிவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததைக் கேட்டு உம்மா அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், அதற்குள் அடுப்பில் மீன் கருகிவிட்டது. கப்பல்காரர்கள் உங்களைச் சுவீடன் ஆஸ்பத்திரியில் விட்டுப் போன நாளிலிருந்து இங்கே யாருக்கும் நிம்மதி இல்லை. உங்களைத் தன் வீட்டில் தங்கவைத்த நீல்ஸ் துரை நன்றாக இருக்கட்டும். காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்கிப் பந்தயம் போகிறவர் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டு லத்தீபா, "ஒங்க காக்கா நல்லாக் கதை விடுறாரு" என்கிறாள்.

வாப்பா மவுத்தாகிப் போன பிறகு மாமா கடையில் உங்கள் இடம் காலியாகவே கிடக்கிறது. துரை எது சொன்னாலும் தட்டாதீர்கள். அவர் மனம் வைத்தால்தானே உங்களுக்குக் கப்பல் கிடைக்கும்? எப்படியாவது வந்துவிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
மைமூன்

சுவீடன்
10 ஜனவரி 1925

தங்கச்சி மைமூனுக்குக் காக்கா எழுதுவது.

லத்தீபாவை இங்கே ஒரு நாள் நிற்கவைக்க வேண்டும். மூச்சு உதட்டிலேயே உறைந்துவிடும், அப்புறம் வாய் பேசமாட்டாள்.

நீல்ஸ் ஐந்து வருடம் இந்தப் பக்கத்துப் பந்தயங்களில் எல்லாம் முதலாவதாக வந்தவர். அலமாரி நிறைய வெள்ளிக் கோப்பைகள். போன வருடம் கார்ல் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் அவரை ஜெயித்துவிட்டான். அதிலிருந்து இந்த வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. பலகைக்குப் பூசத் தார் காய்ச்சுவார், நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பந்தயத்தில் எல்லாரும் சேர்ந்து கிளம்புவதில்லை. ஒருவர் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் அடுத்தவர். காட்டுக்குள் தனியாகப் போக வேண்டும். வழி தெரிவதற்கு மரக்கிளைகளில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். சென்ற முறை ஜெயித்தவன் கடைசியாகக் கிளம்புவது இங்கே வழக்கம். ஆகவே நீல்ஸுக்குப் பின்னால் கார்ல் மட்டும்தான்.

ஏரிக்கரையில் வழி இரண்டாகப் பிரிகிறது. அங்கே என்னை நிற்கச் சொல்கிறார் நீல்ஸ். அவர் கடந்ததும் துணியை அவிழ்த்து மற்ற வழியில் நான் கட்ட வேண்டுமாம். "பையன் கொஞ்ச தூரம் போவான், தப்பென்று தெரிந்து திரும்புவான், அவ்வளவுதான்" என்று கப்பல் இங்கிலீஷிலும் கைச்சாடையிலுமாகச் சொன்னார். அரிசி ஏற்ற ரங்கூன் வரும் கப்பலில் அவருடைய மச்சான் மேட், கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. பந்தயம் முடிந்ததும் எனக்கு அதில் வேலை உண்டாம்.

பந்தயம் பிப்ரவரி 22. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் தட்டாதீர்கள் என்று நீயும் எழுதியிருக்கிறாய்.

காக்கா
உதுமான்

ரங்கூன்
20 பிப்ரவரி 1925

காக்கா, அந்தத் துணியைத் தொடாதீர்கள்.

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. மறுநாளே தந்தி ஆபீசுக்குப் போனேன். எனக்குப் பின்னால் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே இருந்தவர் தமிழர்தான். "யாருக்கும்மா, என்ன சேதி?" என்றார். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வாயில கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு புள்ள!" என்றார். பின்னால் சிரித்தார்கள். முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றும் இன்றும் வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மூடுபனிக் காலையில் ஆற்றைக் கடந்து சிரியம் போகும் சம்பான் படகுக்காரர் அக்கரை விளக்கை நம்பித்தானே துடுப்புப் போடுகிறார்? அதை ஒருவன் நகர்த்தி வைத்தால்?

இந்தக் கடிதம் நாளை மறுநாளுக்குள் உங்களிடம் வராது. தெரிந்தும் எழுதுகிறேன். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, காக்கா.

உங்கள் தங்கை
மைமூன்

சுவீடன்
2 மார்ச் 1925

தங்கச்சி,

நீல்ஸ் ஜெயித்துவிட்டார்.

துணியை மாற்றிக் கட்டிவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்றேன். கார்ல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனான். அவன் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். காற்று எழுந்து பனி கொட்டியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஏரிக்கு அந்தப் பக்கம் அவன் உடலை எடுத்தார்கள். பனியில் வழி தவறினான் என்கிறார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடக்கத்தன்று பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் நீல்ஸ்தான். வீட்டுக்கு வந்ததும், "பத்தாம் தேதி கப்பல். ஏறு. பேசாதே" என்றார்.

வழியில் கப்பல் நிற்கும் கொழும்பில், கப்பல் ஏஜெண்டு விலாசத்துக்கு எழுது. பெருநாளைக்கு வந்துவிடுவேன். உம்மாவை அழைத்துக்கொண்டு கப்பல் துறைக்கு வா. இதை உம்மாவிடம் சொல்லாதே.

உதுமான்

ரங்கூன்
7 ஏப்ரல் 1925

காக்காவுக்கு,

நேற்று நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். மாமாவும் இருந்தார். "என்ன எழுதியிருக்கான்? வாரானா?" என்று உம்மா கேட்டார்கள். வருகிறார் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தேன். சொல்லாதே என்று நீங்கள் எழுதிய வரியையும் வாசித்தேன். தட்டாதீர்கள் என்று எழுதியவள் நான்தான் என்பதையும் சொன்னேன்.

மாமா, "அங்க நடந்தது அங்கயே போவட்டும். புள்ள வந்து சேரட்டும்" என்றார்.

உம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தப் புள்ளைக்கு உம்மா இருக்காளா? அவ பேரு என்ன?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதவில்லை.

கொழும்பிலிருந்து எழுதுங்கள். அந்தத் தாயின் பெயரையும், அவரிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். சொல்லாமல் வந்திருந்தால் அங்கேயே இறங்கித் திரும்பிப் போக வழி தேடுங்கள்.

கப்பல் துறைக்கு மாமா வருவார். உம்மாவும் நானும் வரமாட்டோம்.

மைமூன்