கியர்பாக்ஸுக்காக ஓங்கிய கம்பி

செவ்வாய், இரவு

கன்னம் இன்னும் எரிகிறது. துவாரகாவில் என் ஒர்க்‌ஷாப்புக்கு இன்று ஒருத்தர் பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்பை ஓட்டி வந்தார். கூடவே அவருடைய சின்ன மகள். ரிவர்ஸ் போட்டால் வண்டி தூக்கியடித்தது. இரண்டாவது கியரில் எஞ்சின் கத்தியதே தவிர வேகம் ஏறவில்லை. கியர் ஆயில் கறுத்து, தீய்ந்த நாற்றம்.

"ஆயில் மாத்தினா போதாது அண்ணே, கியர்பாக்ஸைத் திறக்கணும்" என்று இந்தியில் சொன்னேன்.

"மதராசி சோர்!" என்று, காசு பறிக்கும் திருடனாக என்னை நினைத்துப் பளாரென அறைந்தார்.

ஜாக்கிக் கம்பியை அவர் மண்டைக்கு நேராக ஓங்கிவிட்டேன். "அங்கிள், நஹீ!" என்று மகள் அலறினாள். அவள் மட்டும் அலறாமல் இருந்திருந்தால்...

கம்பியைப் போட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை. என் கையையே பார்த்தபடி, அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.