வெட்டுப்பட்ட பாறையின் வயது

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் ஆய்வுக்கூடத்து அறிக்கை வந்தது. என் சாம்பல் பாறைக்கு 180 கோடி ஆண்டு என்று போட்டிருக்கிறாய். தலை சுற்றிவிட்டது. அந்தப் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பிளவில் உருகிப் புகுந்து இறுகிய ஒரு செந்நிறக் கல் நரம்பு ஓடுகிறது. அதற்கு 210 கோடி என்று போன வருஷம் அளந்து சொன்னவளும் நீதான். பாறை இருந்தால்தானே நரம்பு அதை வெட்ட முடியும்? அம்மாவுக்கு முன்னால் பிள்ளை பிறந்த கதையாக இருக்கிறது!

24ஆம் தேதி வரைபடங்களுக்கு ஒப்புதல் தரும் குழு கூடுகிறது. இந்த எண் நின்றுவிட்டால் இந்த மலைத்தொடரின் பாறைகளைக் குறித்த என் ஒன்பது வருஷ வரைபடம் அச்சுக்குப் போகாது. மறுபடி பார், அக்கா.

உன் தங்கை

ஜூன் 6

செல்லத்துக்கு,

என் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கலாம். போகட்டும்.

பாறையைப் பொடித்துச் சலித்து, அதற்குள் இருக்கும் சிர்க்கான் என்ற தாதுவின் சிறு மணிகளைப் பிரித்தெடுக்கிறோம். அவை உருவாகும்போதே யுரேனியத்தை உள்ளே பூட்டிக்கொள்கின்றன. அது மாறாத வேகத்தில் ஈயமாகிறது. எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் வயது. எட்டு மணிகளில் ஆறு 180 என்றே சொல்லின. இரண்டு மட்டும் ரொம்பப் பழசாக வந்தன. ஏதோ பழைய பாறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை என்று அவற்றை ஒதுக்கிவிட்டேன். அது எங்கள் வழக்கம்தான். வெயிலில் நின்று பார்க்கிற உன் கண்தான் ஏமாந்திருக்கும். இருபது வருஷத்தில் என் அறிக்கையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை, தெரியுமா?

அக்கா

ஜூன் 10

அக்கா,

முழங்கால் எப்படி? கேட்டுவிட்டேன்.

நேற்று மறுபடி மலையேறினேன். சாம்பல் பாறையின் துண்டுகள் அந்த நரம்புக்குள்ளேயே சிக்கிக் கிடக்கின்றன. இதற்கு மேலும் என் கண் ஏமாந்தது என்பாயா? புதிதாக உடைத்த பாறை ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் சொல்: என் பாறைக்கு முன்னால் எந்தப் பாறையைச் சலித்தாய்? சல்லடையை மாற்றினாயா?

தங்கை

ஜூன் 24

என் தங்கமே,

குழு முடிந்த கையோடு எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் சல்லடையை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கம்பிவலைக் கண்களில் முந்தைய பாறையின் மணிகள் சிக்கியிருந்தன. அந்தப் பாறைக்கு வயது 180 கோடி! நான் ஒதுக்கிய இரண்டு மணிகள்தான் உன் பாறையின் சொந்தப் பிள்ளைகள். புதுச் சல்லடையில் நீ அனுப்பியதைச் சலித்து அளந்தேன். 252 கோடி. அந்த மலைத்தொடரிலேயே இதுதான் மூத்த பாறை.

குழுவில் எழுந்து நின்றேன். "தப்பு என்னோடதுதான் சார். மலையில நின்னு பார்த்தவ சொன்னதுதான் சரி" என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருபது வருஷத்துல இதுதான் முதல் தப்பாம்மா?" என்று கேட்டார். "கண்டுபிடிச்ச முதல் தப்பு சார்" என்றேன். சிரித்து ஓய்ந்தபின் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கில்லை, உனக்கு. நீ அங்கே இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் வரைபடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அட்டையில் உன் பேர் மட்டும்தான்.

தோற்றதில் இத்தனை சந்தோஷப்பட்ட
உன் அக்கா