சொல்லாமல் போன கோல்கீப்பர்

சேந்தமங்கலம்
10.11.2024

அன்பு மாப்பிள்ளை இளங்கோவுக்கு,

இங்கு நானும் சுகுணாவும் நலம். நீயும் பெருமாயி தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டால் உங்கள் மலையில் பாதிப் பேச்சில் டவர் போய்விடுகிறது. நீ ‘அலோ அலோ’ என்று கத்துவதைக் கேட்பதற்குக் காகிதமே மேல். படிப்பு முடிந்த நாளிலிருந்து நம் சண்டையும் சமாதானமும் தபாலில்தானே நடக்கிறது.

விஷயம் இதுதான். நம் பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து அணிக்கு இது ஐம்பதாவது ஆண்டு. வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவர ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். பழைய கேப்டன், அதிலும் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு விசில் ஊதத் தெரியும், எழுதத் தெரியுமா? ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வற்றின ஏரிக்குள் கல் பொறுக்கி மைதானம் ஆக்கியது, ஒரு ஜோடி பூட்ஸை இரண்டு பேர் பாதி ஆட்டம் பாதி ஆட்டமாகப் போட்டுக்கொண்டது, செங்கோட்டையன் சார் கோச்சாக வந்த பிறகு முதல் கப் ஜெயித்தது, எல்லாம் எழுதியாகிவிட்டது. இப்போது நம் காலத்துக்கு வந்திருக்கிறேன்.

உன்னிடம் அந்த குரூப் போட்டோ இருக்கும். என்னுடையதைக் கரையான் தின்றுவிட்டது. அனுப்பி வை. உனக்கு நினைவில் இருப்பதையும் எழுது. உன் மகன் சதீஷ்குமார் நம் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்து கோலில் நிற்கிறானாமே. கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

உன் அன்பு மச்சான்,
தேவராஜ்


பைல் நாடு, கொல்லிமலை
24.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நலம். மிளகு கொடியில் பார்க்க நன்றாக இருக்கிறது, கைக்கு வந்தால்தான் நிசம். மரவள்ளி விலையை மட்டும் கேட்காதே, வயிறு எரியும்.

போட்டோ இதோடு இருக்கிறது. நடுவில் கப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது நீ. அந்தக் கப்புக்காக பெனால்டியைத் தடுத்தவன் ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறேன். பரவாயில்லை, கேப்டன் என்றால் அப்படித்தான்.

கோல்போஸ்ட் கதையை விட்டுவிடாதே. மூங்கில் கம்பங்கள் காற்றில் சாய்கின்றன என்று சொன்னவுடன் என் மாமன் ராசப்பன் தன் காட்டுச் சில்வர் ஓக் மரத்தை வெட்டி லாரியில் அனுப்பினார். “பந்து பட்டு மரம் சாயாது சாமி, ஆளு சாயாமப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு அதே லாரியில் திரும்பிப் போனார். அவர் பேரைப் போடு. ‘நலம் விரும்பி ஒருவர்’ என்று எழுதித் தொலைக்காதே.

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நடந்தது உனக்கே தெரியும். செங்கோட்டையன் சார் போய்ச் சேர்ந்துவிட்டார், போனவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் மனசு ஆறவில்லை. மாரியாயி நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவன் அது முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது என்பதால்தான் முந்தின நாள் ஊருக்கு வந்தேன். அதுவும் சொல்லிவிட்டு வந்தேன். அப்படியிருந்தும் மறுநாள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அணியை விட்டு எடுத்தாரே. அவர் சாவுக்கு நீ கூப்பிட்டாய், நான் வரவில்லை. எங்கள் மாரியாயியை மதிக்காதவர் வாசலை மிதிப்பதா என்றிருந்தது. இதையெல்லாம் புத்தகத்தில் போடாதே, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

சுகுணாவைக் கேட்டதாகச் சொல். மலைக்கு வந்து நாளாகிவிட்டது, ஒரு தடவை இரண்டு பேரும் வாருங்கள். வாழைப்பழமும் பலாவும் வழக்கம்போல உனக்கு எடுத்து வைப்பேன்.

அன்புடன்,
இளங்கோ


பைல் நாடு
16.01.2025

தேவராஜுக்கு,

பொங்கலுக்குச் சதீஷ்குமார் வந்தான். கரும்பு வாங்கி வருவான் என்று பார்த்தால் உன் புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஹாஸ்டலில் எல்லாருக்கும் கொடுத்தார்களாம். பொங்கல் பானை அடுப்பில் இருக்கும்போதே ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்து, “ஏனுங்கப்பா, நெசமாலுமே சொல்லாமக் கொள்ளாம ஓடியாந்துட்டீங்களா?” என்று கேட்டான். பெற்ற பிள்ளை கேட்கிறான்.

நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். ‘1986 இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கோல்கீப்பர் இளங்கோ யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் மைதானத்துக்கு வந்த பிறகுதான் பயிற்சியாளருக்கு விஷயம் தெரிந்தது. அணி தோற்றது. அதன் பிறகு மலைப்பகுதி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள அவர் தயங்கினார்.’

யாரிடமும் சொல்லாமலா? ஆட்டம் முதலில் எந்த நாள் என்றிருந்தது? எதிரணி பஸ் வழியில் நின்றுபோனதால் மறுநாள் காலை ஏழு மணிக்குத் தள்ளி வைத்தார்களா இல்லையா? அப்பா செத்து வருஷம் திரும்பிவிட்டது, அவருக்குப் பதில் எங்கள் வகையறாவுக்கு நான்தான் காப்புக் கட்டியிருக்கிறேன், எப்படியும் ராத்திரிக்கு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று சாரைத் தேடினேன். அவர் எதிரணியை அழைத்துவரப் போயிருந்தார். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது யார்? “அர்த்தனாரியக் கோல்ல நிறுத்திக்கறேன். நீ போய்ட்டு வா மாப்ளே, சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்று சொன்னது யார்? மறுநாள் முதல் பஸ் பிடித்து ஓடி வந்தேன். அதற்குள் ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சார் என்னைத் தாண்டிப் போனார்.

விஷயம் தெரிந்தும் தண்டித்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். உன் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. ஒன்றும் அறியாத மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர் சாவுக்கு ஒரு மாலை கொண்டுவரவில்லை. நீ அதையும் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தாய்?

அடுத்த வருஷம் எங்கள் ஊர்க் குழந்தைசாமி தேர்வுக்கு வந்தானே, நினைவிருக்கிறதா? நடுக்கோட்டில் நின்று உதைத்தால் கோலுக்குள் போகும். மலை என்று கேட்டதும் திருப்பி அனுப்பினார்கள். அவன் யாரிடம் எதைச் சொல்லாமல் போனான்? அவனுக்குப் பின்னால் போன பையன்கள் என்ன செய்தார்கள்? காரணம் நான் என்று அச்சில் போட்டுவிட்டாய்.

ராசப்பன் மாமன் பேரையும் காணோம். ‘நலம் விரும்பி ஒருவர்’ என்றிருக்கிறது. அதை நானே உனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் போல.

சாரிடம் சொன்னாயா, இல்லையா? ஒரே வரியில் பதில் எழுது. சொல்லவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் திருத்தம் அடித்து ஒட்டு.

இளங்கோ


சேந்தமங்கலம்
30.01.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை முதலில் படித்த சுகுணா, என் கையில் கொடுக்கவே தயங்கினாள். இந்த வயதில் இவ்வளவு கோபம் ஆகாதடா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாகிவிட்டேன் நான்.

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின சமாசாரம். அன்று சார் எதிரணியைத் தங்கவைக்க அலைந்துவிட்டு எரிச்சலோடு வந்து படுத்தார். அந்த நேரத்தில் போய், கோல்கீப்பரை நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன் என்றால் என் கேப்டன் பதவி என்ன ஆகியிருக்கும்? காலையில் சொல்லலாம் என்றிருந்தேன். காலையில் ஆட்டம் தொடங்கிவிட்டது. தோற்ற பிறகு எதைச் சொன்னாலும் சாக்குச் சொல்வதாகத்தான் இருந்திருக்கும். எனக்கு நினைவு இவ்வளவுதான். நீ ஊரில் நிம்மதியாகச் சாமி கும்பிட்டாய். நீ இல்லாமல் மூன்று கோல் வாங்கி, சொந்த மைதானத்தில் தலை குனிந்து நின்றவன் நான். அதை என்றைக்காவது நினைத்துப் பார்த்தாயா?

புத்தகத்தில் உள்ளது சார் உயிரோடு இருந்தபோது பல்கலைக்கழக மலருக்குச் சொன்னது, குழுவிடம் அது இருக்கிறது. நான் அதை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அச்சான புத்தகத்தில் திருத்தம் ஒட்டினால் நாலு பேர் சிரிப்பார்கள்.

வேறு வழி சொல்கிறேன். மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை விழா. மேடையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். பொன்னாடை போர்த்துவது என் பொறுப்பு. பழசெல்லாம் அத்தோடு சரியாகிவிடும். ஒரு வரிக்காக நம் உறவை அறுத்துக்கொள்ளாதே. தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா.

அன்பு மச்சான்,
தேவராஜ்


பைல் நாடு, கொல்லிமலை
21.02.2025

திரு. தேவராஜ் அவர்களுக்கு,

ஒரு வரியில் கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பதில் தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் அதற்குமேல் பொன்னாடையும் போர்த்தப் பார்க்கிறீர்கள்.

அன்று பயந்தீர்கள், அது இருபது வயது. அதை நான் மன்னித்திருப்பேன். சார் செத்தபோது, வராமல் போனாயே என்று என்னைத் திட்டி எழுதினீர்களே, அப்போது உங்களுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அப்போதாவது சொல்லியிருக்கலாம். புத்தகம் எழுத உட்கார்ந்தபோதாவது சொல்லியிருக்கலாம்.

வரும் செவ்வாய்க்கிழமை ஊரில் காப்புக் கட்டு. இந்த வருஷமும் எங்கள் வகையறாவுக்கு நான்தான். விழாவுக்குத் தேதி குறித்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். “அந்த மனுசன் மூஞ்சில முழிக்கவே வேண்டாங்க” என்கிறாள் பெருமாயி. ஆனாலும் நான் வருகிறேன். பகலில் போய்வரத் தடையில்லை. இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மேடையில் நாற்காலி வேண்டாம். பொன்னாடையை அர்த்தனாரிக்குப் போடுங்கள். விடிந்ததும் விடியாததுமாக எழுப்பிக் கோலில் நிறுத்தியும் ஒரு வார்த்தை முணுமுணுக்காதவன் அவன். நான் முதலில் செங்கோட்டையன் சார் வீட்டுக்குப் போய் அவர் படத்துக்கு மாலை போட்டு, அவர் சம்சாரத்திடம் நடந்ததைச் சொல்வேன். பிறகு மைதானத்துக்கு வருவேன். இப்போதைய அணிப் பையன்களிடமும், ஆள் எடுக்கிற குழுவிடமும், ‘மலையா’ என்று இனிமேல் யார் யாரெல்லாம் கேட்பார்களோ அவர்களிடமும் சொல்வேன். மைக் கொடுத்தால் மைக்கில் சொல்வேன், கொடுக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது என் தொண்டை. சதீஷ்குமார் என் பக்கத்தில் நிற்பான். அடுத்த தேர்வில் அவனிடம் அப்பா பேர் கேட்பார்கள். அவன் நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு நான் கிளம்பியாக வேண்டும். அன்று உங்களை நம்பி உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். யாரிடமும் சொல்லாமல் போனான் என்று எழுதினீர்கள். இந்தத் தடவை கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன். உங்களிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
இளங்கோ
கோல்கீப்பர், 1984–86