துரைசாணி கொடுத்த படகு

8 பிப்ரவரி 1987, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவரைக் குளிப்பாட்டினோம். மகள் ஞானம் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் தண்ணீர் ஊற்றினேன். "வேண்டா, வேண்டா" என்றபடியே குளித்தார். வாதம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வலது கையோடு பேச்சும் போய் அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. எதற்கும் அதுதான்.

ஞானசுந்தரி ஆத்தூரிலிருந்து குழந்தையோடு வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். வரும்போதே மணிக்கட்டில் இருந்த மாவுக்கட்டு அவிழ்த்தாயிற்று. எப்படி என்று கேட்பவர்களிடம் வழுக்கி விழுந்துவிட்டாள் என்கிறேன். மாப்பிள்ளை கையைப் பிடித்து முறுக்கினார் என்று எந்த வாயால் சொல்வது?

அவளும் பாப்பாவும் அடுப்படியில் படுக்கிறார்கள். முன்னறையில் அவர் கட்டில், பக்கத்தில் என் பாய். இந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் அறை இருக்கிறது. ஓடு போட்டது, சிமெண்டுத் தரை, ஜன்னல்கூட உண்டு. அதில் படகு குடியிருக்கிறது.

10 பிப்ரவரி, செவ்வாய்

பாப்பாவுக்குச் சளி. அடுப்படித் தரை ஈரம் காயவே இல்லை.

14 பிப்ரவரி, சனி

பள்ளியில் தையல் வகுப்பு முடிந்து வந்தால் வாசலில் ஜீப். சேலத்துக்காரர், பெயர் தெய்வசிகாமணி. ஏரிக்குப் போகிற வழியில் புதிதாக லாட்ஜ் கட்டுகிறார். படகைப் பார்க்க வேண்டும் என்றார்.

கதவைத் திறந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பதினாலு அடி. கொச்சியில் கட்டியது. தேக்குப் பலகை, செம்பு ஆணி. எழுபத்திரண்டில் துரைசாணி எஸ்டேட்டை விற்றுச் சீமைக்குப் போகும்போது, இருபது வருஷம் தனக்குக் கார் ஓட்டிய எங்கள் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது. எத்தனை நூறு பேரிடம் சொல்லியிருப்பேன்? சொல்லத் தொடங்கினால் முகம் தானாக மலர்ந்துவிடுகிறது.

"குடுத்துடுங்கம்மா. நாளைக்கே ஆள் அனுப்பறனுங்க" என்றார்.

"அவரைக் கேக்கணுங்க."

கட்டிலருகே போய் வந்தவரே குனிந்து கேட்டார். "வேண்டா" என்று பதில் வந்தது. தெய்வசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டார். "உசுரையே வெச்சிருக்காருங்க. இதுக்கு மேல நான் கேக்கப்படாது."

கஞ்சிக்கும் இதையேதான் சொல்வார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்?

19 பிப்ரவரி, வியாழன்

இன்று ஞானத்தோடு சண்டை.

"தார்ப்பாயப் போட்டு வெளிய வெச்சா என்னம்மா?"

வெளியே எங்கே வைப்பது? வாசலைத் தாண்டினால் சரிவு. ஒரு மழைக்காலம் தாங்காது, பலகை உளுத்துவிடும்.

"அப்ப வித்துருங்க."

"அப்பா பேச முடியாமக் கெடக்கறப்ப எப்படி கண்ணு விக்கறது?"

"கட்டில்ல கெடக்கறது அப்பா. அடுப்படியில கெடக்கறது நானு."

பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் சொன்னது சரி. பதினைந்து வருஷத்தில் அந்தப் படகு தண்ணீரைத் தொட்டது ஐந்து தடவை. கடைசியாக, ஞானம் பத்தாவது முடித்த வருஷம். பிறகு ஏரியில் சொந்தப் படகு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வருஷா வருஷம் ஜனவரியில் ஆளிவிதை எண்ணெய் பூசுவோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் விழுந்தபிறகு இரண்டு பக்கமும் நான்தான்.

அந்த எண்ணெய் வாடை எனக்கு ஆகாது. படகும் ஆகாது. பதினைந்து வருஷத்தில் இதை எங்கேயும் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை.

1 மார்ச், ஞாயிறு

ஆத்தூரிலிருந்து மாப்பிள்ளை இருதயராஜின் அம்மா வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. அந்தம்மாள் அடுப்படியில் சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், படகுக் கதவையும் பார்த்தார்.

"எத்தன நாளைக்குங்க சம்பந்தி இப்படி? ஊடு நொம்பச் சின்னது. பச்சக் கொழந்த தரையில கெடக்குது. ஆம்பளைன்னா முன்னப் பின்னக் கோவம் இருக்கத்தாஞ் செய்யும்."

வீடு சின்னது என்பது பொய்யா?

போகும்போது கட்டிலருகே நின்று, "பொண்ண எங்க கூட அனுப்பி வையுங்க" என்று அவரிடம் கேட்டார்.

"வேண்டா."

அந்தம்மாள் முகம் சுருங்கிப்போயிற்று. ஞானமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "சரிங்க. ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தம்மாள் போனபிறகு ஞானம் சொன்னாள்: "நானே போயிடறேம்மா. பாப்பா ராவெல்லாம் இருமுது. அங்க கட்டிலாவது இருக்கு."

கட்டிலுக்காக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாளாம்.

4 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். ஞானம் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"கஞ்சி குடிக்கிறீங்களா?" "வேண்டா." வாயைத் திறந்தார். குடித்தார்.

"படகை வித்துடட்டுங்களா?"

"வேண்டா."

"அப்ப வெச்சுக்கலாங்களா?"

"வேண்டா."

கண்ணைப் பார்த்தேன். கண்ணிலாவது ஏதாவது இருக்குமா என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஊர் முழுக்க அவர் சொல்லை வேத வாக்காக எடுத்துக்கொள்கிறது. அதில் ஒன்றுமே இல்லை என்பது எனக்கும் ஞானத்துக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் முடிவு என்னுடையது. அவருக்கு உயிர் என்று ஊரெல்லாம் சொல்கிற ஒன்றை, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் எடுத்து வெளியே போட வேண்டும். முடியுமா என்னால்?

7 மார்ச், சனி

கரடியூர் பெரியண்ணன் வந்தார். ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்காரரும் இவரும்தான் ஆள் வைத்துப் படகைத் தூக்கி ஏரியில் இறக்குவது. மாதம் ஒரு முறை வந்து கட்டிலருகே உட்கார்ந்து, மிளகு என்ன, மழை என்ன என்று பேசிவிட்டுப் போவார்.

வாசலில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானத்தின் கையைத் தவிர. கேட்டுவிட்டு ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார்.

"டீச்சருங்க, ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கப்படாது."

"சொல்லுங்க."

"எம்பதுல நீங்க உங்க தம்பி கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தீங்களே. அப்ப உங்க வீட்டுக்கார அண்ணனும் நானும் ஆள் வெச்சுப் படகை லாரியில ஏத்திட்டமுங்க. மேட்டூர்ல ஒரு மீன்காரன் வாங்கிக்கறேன்னான். குப்பனூர் வழியா மலைய எறங்கிப்புட்டோம். கீழ டீக்கடையில ஒருத்தன், 'இது துரைசாணி படகுங்களே, எங்க கொண்டு போறீங்க'ன்னு கேட்டுப்புட்டான். அண்ணன் காசை வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. டீயையும் குடிக்கல. லாரியத் திருப்பச் சொல்லிட்டாரு."

"திரும்பிட்டீங்களா?" என்றேன்.

"மேல வர்றப்ப சொன்னாருங்க. 'அந்தம்மாவுக்கு இதை மலையவிட்டு எறக்க வழி தெரியல, என் தலையில கட்டிட்டுப் போயிருச்சு. எனக்குப் புடிக்கவே இல்ல பெரியண்ணா. ஆனா மேரி வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருக்கறா. அவ கிட்ட எப்படிச் சொல்றது'ன்னாரு."

மேரி நான்தான்.

8 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். நான் அவருக்காகப் பெருமையாகப் பேசினேன். அவர் எனக்காக எண்ணெய் பூசினார். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து, நடுவில் படகை வைத்துக்கொண்டு, பதினைந்து வருஷம்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா, அப்போது பேச்சு இருந்ததே?

பத்து மணிக்குக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பெரியண்ணன் எல்லாஞ் சொல்லிட்டாருங்க. குப்பனூர் வரைக்கும் போனீங்களாமே."

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதக் கண்டா ஆகாதுங்க. கொண்டு வந்து எறக்குன அன்னிக்கே ஆகாது. நீங்க ஆசையா வெச்சிருக்கறீங்கன்னுதான் வாயத் தொறக்கல."

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "வேண்டா" என்றார். அப்புறம் தோள் குலுங்கியது. பயந்துபோய் ஞானத்தைக் கூப்பிட வாயெடுத்தேன். பிறகுதான் பார்த்தேன், சிரிக்கிறார். கோணிய வாயோடு, எச்சில் வழிய, கண்ணில் நீர் வர. வாதம் வந்தபிறகு இந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். ஞானம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து எங்களைப் பார்த்து, என்னவோ ஆகிவிட்டது என்று நின்றாள்.

12 மார்ச், வியாழன்

மேட்டூர் ஆளைப் பற்றி விசாரித்துப் பெரியண்ணன் சொல்லியனுப்பினார். அவர் இறந்து மூன்று வருஷமாம். மீதியிருப்பது லாட்ஜ்காரர்தான்.

அவர் கட்டிடத்துக்கே போனேன். மறைக்காமல் சொன்னார்: "முன்னாடி வாசல்ல வெச்சு மண்ணு ரொப்பி, ஜெரானியம் பூச்செடி வெக்கப் போறமுங்க. அடியில அஞ்சாறு ஓட்டை போட்டாத் தண்ணி தேங்காது."

செம்பு ஆணிகளை நினைத்தேன். எனக்கே ஆகாத படகுக்காக மனசு ஏன் இப்படிப் பதறுகிறது?

"ஓட்டை போடாம வெக்க முடியாதுங்களா?"

"இனி இது தண்ணிக்குப் போறதில்லீங்களேம்மா."

திங்கட்கிழமை ஆள் அனுப்பச் சொன்னேன்.

16 மார்ச், திங்கள்

எட்டுப் பேர் வந்து தூக்கினார்கள். எப்போதும்போலக் கதவு நிலையைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். கடைசிவரை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சொல்லைக்கூட.

ஞானம் மூன்று தடவை கழுவியும் அறையில் எண்ணெய் வாடை போகவில்லை. "பரவால்லம்மா" என்றாள்.

5 ஏப்ரல், ஞாயிறு

கோயிலில் இரண்டு பேர் முகம் கொடுக்கவில்லை. பால் ஊற்றுகிற அருக்காணி நேராகவே கேட்டுவிட்டாள்: "டிரைவரு வேண்டாம் வேண்டாங்கறப்பவே தூக்கிக் குடுத்துட்டீங்களாமே. பேச முடியாதவருன்னு தானுங்களே?"

சொல்லிவிடலாம். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை, அவர் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார் என்று ஒரு வரி சொன்னால் போதும், பழி போய்விடும். ஆனால் அந்த ஒரு வரி பஸ் ஏறி ஆத்தூருக்கும் போகும். பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொன்னதற்கும் அப்போது அர்த்தமில்லாமல் போகும்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு செம்பில் பாலை வாங்கிக்கொண்டேன். புருஷன் உயிராக வைத்திருந்ததை விற்றவள் நான். இருந்துவிட்டுப் போகிறேன்.

பள்ளிக்குப் போகிற வழியில்தான் லாட்ஜ். தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போக வேண்டும். சிவப்புப் பூ வைத்திருக்கிறார்கள்.

26 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர் போய்விட்டது. ஆத்தூரிலிருந்து யாரும் வரவில்லை, கடிதமும் இல்லை. பாப்பாவுக்கு இருமல் நின்றிருக்கிறது. பெரியண்ணன் இந்த மாதம் வரவில்லை. ஓட்டை போட்டதைப் பார்த்திருப்பார்.

17 மே, ஞாயிறு

மத்தியானம் பஸ்ஸில் இருதயராஜ் வந்தார், தனியாக. சீசன் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தாராம். செருப்பைக் கழற்றாமல் நேராகப் படகு இருந்த அறை வாசலுக்குப் போனார். ஞானம் பாப்பாவோடு உள்ளே இருந்தாள். சன்னமாகத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"ஞானம், கதவத் தெற." தட்டினார். மறுபடி தட்டினார். "எம் பொண்டாட்டி, எங் கொழந்த. தெறங்கறேன்."

அருக்காணி வாசலில் பால் செம்போடு நின்றிருந்தாள். தெருவில் இன்னும் யார் யாரோ. நான் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். குரல் எங்கிருந்தோ நன்றாகவே வந்தது.

"அவ கைய முறுக்கி எலும்ப ஒடச்சது நீங்கதானுங்களே. வழுக்கி விழுந்துட்டாளுன்னு நாந்தான் ஊருக்கெல்லாம் பொய் சொன்னேன். அனுப்ப மாட்டேனுங்க. அவரு சொல்றாருன்னு இல்ல. நான் சொல்றேன். அனுப்ப மாட்டேன்."

அருக்காணி செம்பைக் கீழே வைத்தாள். வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

நாலரை மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போகும்வரை அறைக் கதவு திறக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. ஞானம் தலையை மட்டும் நீட்டி, "டீ போடட்டுமாம்மா?" என்று மெல்லக் கேட்டாள். பாப்பா உள்ளே இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.