விழுங்கிய மருந்து

ஜூலை 14, செவ்வாய்

அப்பாவின் எம்பிசீமா நுரையீரல் நோய்க்குப் புது மருந்து தொடங்கி ஒரு மாதமாகியும் இளைப்பு குறையவில்லை. "எப்படி எடுத்துக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார் டாக்டர். அப்பா கேப்ஸ்யூலை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார். இன்ஹேலரில் போட்டு உறிஞ்ச வேண்டிய மருந்தை ஒரு மாதமாக விழுங்கியிருக்கிறார்.

"யாரும் சொல்லித் தரலையா?"

"பொண்ணு தெளிவாத்தான் சொன்னா சார், நான்தான் மறந்துட்டேன்" என்றார் அப்பா.

மருந்து வாங்கிய அன்று அக்ரஹாரத்து மருந்துக்கடைக்காரர் செய்து காட்ட வந்தபோது, ஆபீசுக்கு நேரமாகிறது என்று தடுத்தவள் நான். வீட்டு வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமலே மருந்துப் பையை அப்பாவிடம் நீட்டி, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே அவருக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.