முத்துப்பேட்டை உப்பும் வாய்க்கால் சேறும்

பாய்,

இன்று காலை மளிகைக் கடையில் மெழுகுவத்தி ஒரு பாக்கெட் கேட்டேன். "கரண்டு நல்லாத்தானே இருக்கு?" என்றார் கடைக்காரர். "வண்டிக்குங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார். பட்டறைக்கு வந்து, ஒரு காரின் அடியில் துருப்பிடித்து இறுகிக் கிடந்த போல்ட்டை கேஸ் வைத்துச் சூடேற்றி, மெழுகை அதன்மேல் தொட்டேன். சுர்ரென்று உருகி உள்ளே இறங்கியது. அந்தக் கருகல் வாசனை எழுந்ததும் நீ பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாய். நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. பெருநாளுக்குக்கூட வராதவன், மெழுகு வாசனைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறாய்.

"எண்ணெ போகாத எடத்துக்கு மெழுகு போகும் மாப்ள. அது போறவரைக்கும் நீ சும்மா இரு" என்பாய். மெழுகு எப்போதும் போனது. நான்தான் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

நாம் கூத்தாநல்லூரில் கூட்டாகப் பட்டறை போட்டபோது, நீ குவைத்தில் பத்து வருஷம் வண்டி வேலை பார்த்துவிட்டு வந்தவன். நான் எட்டாம் வகுப்போடு நின்று, டிராக்டர் ஓட்டப் போய், அது நின்ற இடத்திலெல்லாம் பிரித்துப் பார்த்தே மெக்கானிக் ஆனவன். இறுகின போல்ட்டை நீ முதலில் முறுக்குகிற பக்கமே ஒரு நூல் திருப்புவாய். துரு விட்டுக்கொடுக்கும். அப்புறம் கழற்றுகிற பக்கம் ஒரு நூல். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொட்டாவி வரும். நான் ஸ்பேனரில் மூன்றடி பைப்பைச் சொருகி அதன்மேல் ஏறி நிற்கிற ஆள். 'டக்' என்று சத்தம் கேட்டால் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாய்.

"கழண்டுச்சா, ஒடஞ்சுச்சா?"

"கழண்டுச்சு பாய். ரெண்டா கழண்டுச்சு."

அந்த முத்துப்பேட்டைக்காரர் கார் உனக்கு மறந்திருக்காது. ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி. கடல் காற்றிலேயே கிடந்து அடிப்பாகம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மறுநாள் விடிகாலை பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவர் கொடைக்கானல் போவதாக இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மை மாற்ற வேண்டும். அதை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருப்பது நான்கு போல்ட். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாய்: "மூணு வந்துருச்சு. நாலாவதத் தொடாத. நான் வந்து பாத்துக்கிறேன்."

தொட்டேன். தலை தனியாகக் கையோடு வந்தது, உடம்பு சேசிஸுக்குள் நின்றுவிட்டது. அதோடாவது விட்டேனா? நடுவில் ஓட்டை போட்டு, உடைந்த போல்ட்டை எடுப்பதற்கென்றே இருக்கிற ஈசி அவுட்டை விட்டுத் திருகினேன். அதுவும் உள்ளேயே உடைந்தது. அது போல்ட்டைவிடக் கெட்டி. ட்ரில்லை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடியது. உடைந்ததை எடுக்கிற கருவியையே உடைத்து உள்ளே வைத்தவன், திருவாரூர் ஜில்லாவில் அன்றைக்கு நான் ஒருத்தனாகத்தான் இருந்திருப்பேன்.

அப்புறம் செய்ததுதான் பெரிய வித்தை. புது ஆர்மை மாட்டிப் பழைய மூன்று போல்ட்டையே முறுக்கினேன். நாலாவது இடத்தில், உடைந்த தலையைப் பசை வைத்து ஒட்டினேன். பட்டறைக்குப் பின்னால் போய் வாய்க்காலில் ஒரு கை சேறு அள்ளி வந்து அதன்மேல் பூசினேன். பழசாகத் தெரிய வேண்டும் அல்லவா? அவர் நாலு மணிக்கு வந்துவிடுவார், நீ திட்டுவாய், கடைப் பேர் கெட்டுவிடும். இந்த மூன்றும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. மலை வளைவில் மீதி மூன்று போல்ட்டும் விட்டுக்கொடுத்தால் சக்கரம் மடங்கிப்போகும், உள்ளே ஏழு பேர் இருப்பார்கள் என்பது அந்த ஒரு மணி நேரம் எனக்கு உறைக்கவே இல்லை. மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. இந்த ஒரு வரியை மட்டும் அப்படி எழுத முடியவில்லை.

தொழுகை முடிந்து வந்த நீ தொப்பியைக்கூடக் கழற்றாமல் வண்டிக்கடியில் படுத்தாய். டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

"மூணு போல்ட்டுல முத்துப்பேட்டை உப்பு. இதுல மட்டும் நம்ம வாய்க்கா சேறு. எப்படி மாப்ள?"

"தண்ணி தெறிச்சிருக்கும் பாய்."

"தெறிச்ச சேத்துல வெரல் ரேகை இருக்கே."

இரண்டு விரலால் அந்தத் தலையைக் கத்தரிக்காய் பறிப்பதுபோல எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். திட்டியிருந்தால் திருப்பி நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். நீ திட்டவில்லை.

"போல்ட்ட நான் எடுக்கிறேன். அவருகிட்ட நீ சொல்லு."

"நீ சொல்லேன் பாய். உனக்குத்தான் அழகா பேச வரும்."

"அழகா வர வேணாம். நெசமா வந்தாப் போதும்."

நாலு மணிக்கு அவர் சிரித்த முகத்தோடு வந்து நின்றார். நான் கடல் காற்றில் ஆரம்பித்தேன். காருக்கு அடியில் படுத்திருந்த நீ ஸ்பேனரால் 'டக்' என்று ஒரு தட்டு தட்டினாய். இப்போது வருகிற இரும்பெல்லாம் முன்னே மாதிரி இல்லை என்றேன். மறுபடி 'டக்'. "என்னங்க அடியில சத்தம்?" என்று கேட்டார். "வேல நடக்குதுங்க" என்றேன். அதற்கும் ஒரு 'டக்'.

"ஒடச்சது நாந்தாங்க. தலைய ஒட்டி வச்சதும் நாந்தான். நாளைக்கு நீங்க போக முடியாதுங்க."

"ஒட்டி வச்சியா? எதுல?"

"பசையிலங்க."

"எம் புள்ளைங்க ஏறுற வண்டிய்யா" என்றார். அவ்வளவுதான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் மனைவிக்குப் போன் போட்டார். அந்த அம்மாவின் குரல் நமக்கே கேட்டது: "ரெண்டு நாளுகூட எடுத்துக்கட்டும். அந்தப் பசை வச்சவர மட்டும் வண்டிகிட்ட விடாதிங்க!" காருக்கு அடியில் நீ சிரித்தது எனக்கு மட்டுமா கேட்டது? அவருக்கும் கேட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

உடைந்த போல்ட்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தாய். திருகியதும் நட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது நட்டு சிவக்கச் சிவக்க நின்றபோது மெழுகைத் தொட்டாய். "இப்ப சும்மா இரு" என்றாய். என் வாழ்க்கையில் முதன்முறையாகச் சும்மா இருந்தேன். அப்புறம் சின்ன ஸ்பேனரை என்னிடமே நீட்டினாய். அந்த அம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "அவங்க பாக்கல. திருப்பு" என்றாய். உள்ளே ஒரு நூல், வெளியே ஒரு நூல். கிறீச்சென்று முனகிக்கொண்டு அது முழுசாக வெளியே வந்து விழுந்தபோது நீ கத்தினாய் பார், உன் பிள்ளை பிறந்ததற்குக்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாய்.

ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். மலைமேல் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்: "சக்கரம் நாலும் இருக்குய்யா."

உன்னை அடக்கம் செய்த அன்று அவரும் வந்திருந்தார். வெளியே மரத்தடியில் என் தோளில் கை போட்டு, கூட வந்த மருமகனிடம் சொன்னார்: "வண்டி வேலைன்னா இவன்கிட்டதான் குடுக்கணும். ஒடைப்பான். ஆனா சொல்லிடுவான்." அழுதுகொண்டிருந்தவன் அந்த இடத்திலேயே சிரித்துத் தொலைத்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பேச்சு இப்போது முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய்விட்டது. புதிதாக வருகிற ஆளே "நீங்கதானே அந்தச் சொல்லிடுறவரு?" என்று கேட்டுக்கொண்டு வண்டியை உள்ளே விடுகிறார். தஞ்சாவூரில் படிக்கிற என் மகள், இதையே போர்டில் எழுதி மாட்டுங்கப்பா என்று கிண்டல் செய்கிறாள். உடைப்பான் என்பது என் சொந்தச் சம்பாத்தியம், பாய். சொல்லிடுவான் என்பது நீ காருக்கடியில் படுத்துக்கொண்டு தட்டித்தட்டி எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதை வைத்துத்தான் கடை ஓடுகிறது.