மூன்று முறுக்கு போட்ட கம்பி

முத்தியால்பேட்டை,
நவம்பர் 5

அன்பு மனைவி லூர்துசெல்விக்கு மிக்கேல் எழுதிக்கொண்டது. நான் சுகம். மாத்திரையை வேளைக்குப் போடுகிறேன். மகள் ஆஷ்லினும் மருமகனும் பேரக்குழந்தையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ எங்கே தனியாகக் கிடைக்கிறாய்? ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறாய். நான் சொல்லப்போவது உனக்கு மட்டும். பக்கத்து வீட்டு சிந்தியா சனிக்கிழமை பாரீஸுக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை மூன்றாவது தடவையாகத் தள்ளிவைத்திருக்கிறாய். இதைப் படித்த பிறகு வரவே மாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷம் நான் ஒருவனாகப் போனேன். உன் அப்பா கல்லறைக்கு வெள்ளை அடித்து மெழுகுவர்த்தி ஏற்றினேன், காற்றில் நின்றால்தானே. உன் தம்பி ஜெர்ரி பிரான்சிலிருந்து சொல்லிவிட்ட ரோஜா மாலையைப் பூக்காரர் வழக்கம்போலக் கொண்டுவந்தார். வருஷா வருஷம் நீ அதை எடுத்து மதில்மேல் போட்டுவிடுவாய். இந்தத் தடவை நான் சிலுவையிலேயே விட்டுவிட்டு வந்தேன். கோபப்படாதே, காரணம் இருக்கிறது.

நீ மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாசம். ஒரு ஆளுக்கு ரசம் வைத்தால் மூன்று ஆளுக்கு வருகிறது, அதையே இரண்டு நாள் குடிக்கிறேன். சாயந்திரம் ஆறு மணிக்குமேல்தான் கஷ்டம். போன வாரம் கேட்டை நானே திறந்து நானே சாத்தினேன், அந்தச் சத்தமாவது கேட்கட்டும் என்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு இங்கே ரொம்பத் தனியாக இருக்கிறது, லூர்து.

அதனால்தான் உன் அப்பாவின் வால்வு ரேடியோவில் கை வைத்தேன். நீ வாசலில் கால் வைக்கும்போது அது பாட வேண்டும் என்று ஆசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு வந்தவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஒரே சாமான் அதுதானே. அது பிரெஞ்சு பேசும் நேரத்தில் வீட்டில் யாரும் இருமக்கூடாது! ஜெர்ரி லீவில் வந்திருந்தபோது, அவன் சுவிட்சைத் திருப்பியதும் புகைந்தது. நாற்பதாம் நாள் அப்பா போய்விட்டார். அடக்கத்தன்று எல்லார் எதிரிலும் நீ அவனிடம், நீ கை வெச்சதாலதான்டா அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு, இனிமே என் மூஞ்சில முழிக்காத என்றாய். இருபத்திரண்டு வருஷம் அவன் முழிக்கவில்லை.

பின் அட்டையைக் கழற்றினால் தூசி, பல்லிமுட்டை ஓடு, கருகிப்போன டிரான்ஸ்பார்மர். மோட்டார் காயில் கட்டுகிற சக்கரபாணியிடம் கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கினேன். நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. நடுவில் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக மாட்டினேன். உள்ளே பழுது இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இல்லையென்றால் மங்கும். எரிந்தது பார், கல்யாண வீடு மாதிரி! ஏசி கரண்டை டிசியாக்கும் வால்வைப் பிடுங்கினேன், மங்கியது. அப்படியானால் பழுது அதற்கு அடுத்ததில். அடுத்து இருப்பது கண்டென்சர். அதன் ஒரு காலை வெட்டிவிட்டு வால்வைத் திரும்பச் செருகினேன், பல்பு மங்கலாகவே நின்றது. கண்டென்சர் ஷார்ட். பயப்படாதே, எனக்கு ஷாக் அடிக்கவில்லை. முப்பது வருஷம் கரண்ட் கம்பம் ஏறியவன் நான்.

பெருமையாக டீ போட்டுக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கண்டென்சர் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் அல்லவா போக வேண்டும்? டிரான்ஸ்பார்மர் ஏன் எரிந்தது? டம்ளரை வைத்துவிட்டுப் போய் ரேடியோவின் ஃபியூஸைப் பார்த்தேன்.

மயிரிழை கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடிக்கம்பி. அது அறுந்து காப்பாற்றாது, டிரான்ஸ்பார்மர்தான் எரியும். மூன்று முறுக்கு, நுனி உள்பக்கம் மடக்கியது. எங்கள் ஆபீசில் எந்த ஃபியூஸை யார் போட்டது என்று முறுக்கைப் பார்த்தே சொல்வோம். மூன்று முறுக்கும் மடக்கிய நுனியும் மிக்கேலுடையது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பாதி தெரியும், மீதியைத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ரேடியோ புகைவதற்கு இரண்டு நாள் முன்னால் அதன் ஃபியூஸ் போயிருந்தது. நான் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தேன். உன் அப்பா என்னைக் கூப்பிட்டு, இத கொஞ்சம் பாருங்க மாப்ள என்றார். கம்பம் ஏறுகிறவனுக்குப் பெண் கொடுத்தோமே என்று பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். நாளைக்குச் சரியான கம்பி வாங்கி வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சட்டைப் பையில் மீட்டர் போர்டுக்குப் போடுகிற கம்பி இருந்தது, அதையே முறுக்கிவிட்டேன். பாடியது. அவர் என்னைப் பார்த்து, பிரெஞ்சில் நன்றி சொல்கிறாற்போல, மெர்சி என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக, அடுத்த இரண்டு நாளும் அது உர்ரென்று உறுமியதைக் கேட்டும் கேட்காதவனாக இருந்தேன்.

மூன்றாம் நாள் ஜெர்ரி சுவிட்சைத் திருப்பினான். புகை வந்ததும் நீ கத்தினாய், அப்பா அவனைப் பார்த்தார். நான் பைக்குள் கை விட்டேன். மீதிக் கம்பி விரலில் பட்டது. வாயைத் திறக்கவில்லை. அடக்கத்தன்றும் திறக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்குத் தம்பி இருந்திருப்பான். நான் கோழை, லூர்து. இதற்குமேல் நல்ல வார்த்தை எனக்கு நானே போட்டுக்கொள்ள முடியாது.

புதுக் கண்டென்சரும் சரியான ஃபியூஸும் போட்டாயிற்று. ரேடியோ பேசுகிறது. பிரெஞ்சு கிடைக்கவில்லை, இரைச்சல்தான் அதிகம். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பழைய கம்பியைக் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். ஜெர்ரி வீடு அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்று ஆஷ்லின் சொல்லியிருக்கிறாள். முதலில் அங்கே போ. கம்பியை அவன் கையில் கொடுத்து, இது மாமா போட்டதுடா என்று சொல். என்னை என்ன செய்வது என்று அப்புறம் யோசி. டிக்கெட்டையும் அப்புறம் பார்.

ஆண்டவர் அக்காவையும் தம்பியையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சோறு போடட்டும். மனசு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து என்னை நேரில் திட்டுங்கள். இந்த வீட்டில் ஒருவர் சத்தம் போட்டு எட்டு மாசம் ஆகிறது.

உன்,
மிக்கேல்